பின் சக்கரத்து நட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை. செங்கல்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அப்பாவும் அம்மாவும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போவதைப் பார்த்துக் கையசைத்தேன். அந்த வண்டியை அக்கு அக்காகக் கழற்றி மறுபடியும் பூட்டியது நான்தான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் நடந்ததை இப்போது எழுதும்போதுகூட உள்ளங்கை வியர்க்கிறது. ஆனால் அந்த வண்டி என் கைக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த தப்பின் அளவு புரியாது.

அந்த வருடம் தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. கல்யாணமானதும் நானும் அங்கேயே போய்விடுவதாக ஏற்பாடு. அதனால் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையைக் கார்த்திகையிலேயே விட்டுவிட்டேன். மார்கழி பாதியில், பத்திரிகையைப் பாதி சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து முடித்த பிறகு, அவரிடமிருந்து போனில் நான்கு வரிச் செய்தி வந்தது. விருப்பமில்லையாம், மன்னிக்க வேண்டுமாம். காரணம் ஏதும் சொல்லவில்லை.

வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, "விசா விஷயமா கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு" என்றார். அப்பாவும் அதையே சொன்னார். நானும் தலையாட்டினேன். வேலையும் இல்லை, கல்யாணமும் இல்லை. காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். மொட்டை மாடிக்குப் போவேன், போன வேகத்தில் இறங்கி வருவேன். ஒரே நாளில் பீரோவை மூன்று தடவை அடுக்கியிருக்கிறேன். துணி காயப் போடும் கயிற்றை அவிழ்த்து, இழுத்துக் கட்டி, மறுபடியும் அவிழ்த்திருக்கிறேன். கைக்கு ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். என்ன வேண்டுமென்று கைக்கே தெரியவில்லை.

வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில் அப்பாவின் பழைய வண்டி தார்ப்பாய் மூடி ஆறு வருடமாக நின்றது. நான் பிறப்பதற்கு முன்னால் அவர் வாங்கியது. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெறும் வரை அதில்தான் போய் வந்தார். ஒரு மழைக்காலத்தில் நின்றது, பிறகு கிளம்பவே இல்லை. எடைக்குப் போடலாம் என்று அம்மா மாதத்துக்கு ஒரு முறை சொல்வார். "போடலாம், போடலாம்" என்று அப்பாவும் சொல்வார்.

பொங்கல் கழிந்த மறு வாரம், ஒரு மத்தியானம், நான் தார்ப்பாயை இழுத்தேன். சும்மா துடைக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். சீட்டுக்கு அடியில் இரண்டு போல்ட் தெரிந்தது. அப்பாவின் பழைய ஸ்பேனர்கள் சமையலறைப் பரணில் ஒரு சாக்கில் இருந்தன. சீட் கழன்றது. சீட்டைக் கழற்றியதும் டேங்க் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. டேங்கையும் எடுத்தேன். ஒன்றை எடுத்தால் அதற்குப் பின்னால் இருப்பது தெரியும், தெரிந்தால் அதையும் எடுக்கத் தோன்றும். காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே குளவி மண்கூடு கட்டி வைத்திருந்தது. வெயில் இறங்கியபோது நான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த மூன்று நான்கு மணி நேரமும் அந்த நான்கு வரிச் செய்தியை நினைக்கவில்லை என்பதும்.

அப்பா வழக்கம்போல ஏரிக்கரையில் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். சந்து முழுக்கப் பேப்பர் விரித்து அவருடைய வண்டி துண்டு துண்டாகக் கிடந்தது. அவரைக் கேட்காமல் கழற்றியிருக்கிறேன் என்பதே அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

"திரும்ப மாட்டத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுப்பா."

"சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் ஒரு டப்பா கிரீஸ் வாங்கி வந்து சந்தில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அந்தச் சந்துதான் எனக்கு ஆபீஸ். எல்லாவற்றையும் போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்துக்கொள்வேன். நட்டு, போல்ட்டெல்லாம் கலந்துவிடக் கூடாது என்று டப்பா தேடினேன். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க வாங்கிய சின்ன எவர்சில்வர் டப்பாக்கள் அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கடியில் இருந்தன. அதில் பதினாறு டப்பாவை எடுத்து, மூடியில் பேப்பர் ஒட்டி, 'முன் சக்கரம்', 'கிளட்ச்', 'கார்புரேட்டர்' என்று எழுதினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் கண் கலங்கினார். பிறகு, "மிச்சத்தையாவது சுத்தமா வெச்சிரு" என்றார்.

நினைத்தது போல் எதுவும் நடக்கவில்லை. துருப்பிடித்த ஒரு போல்ட்டுக்காக மூன்று நாள் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தேன். காத்திருக்கப் பொறுக்காமல் சுத்தியலால் தட்டி இன்னொரு போல்ட்டின் தலையை உடைத்தேன். அதை எடுக்க லேத் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. சைலன்சரை இழுத்ததில் புறங்கை கிழிந்தது. என்ஜின் சிலிண்டரைச் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினேன். நடுவில் இரண்டு தடவை எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கட்டிவிடலாம் என்றிருந்தது. ஆனால் கட்டிவிட்டு அப்புறம் என்ன செய்வது? மறுபடியும் பீரோ அடுக்கவா? டேங்குக்குக் கரும்பச்சை அடித்தேன். சித்திரைக் கடைசியில், முப்பதாவது உதையிலோ நாற்பதாவது உதையிலோ, என்ஜின் இருமி, புகை கக்கி, நின்று, மறுபடியும் பிடித்து ஓட ஆரம்பித்தது. அப்பா உள்ளேயிருந்து பனியனோடு ஓடி வந்தார். அந்தச் சத்தத்தை அவர் ஆறு வருடம் கேட்கவில்லை. தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "என் பொண்ணு பூட்டினது" என்று சொல்ல ஆரம்பித்தார்.

மிச்சமிருந்தது பின் சக்கரம்தான். அதன் பிரேக்கைப் புதிதாக்க வேண்டியிருந்ததால் மறுபடியும் கழற்றியிருந்தேன். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பழைய வண்டிகளில் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டத் தகடு உண்டு. பிரேக் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். பிரேக்கை மிதிக்கும்போது சக்கரம் அந்தத் தகட்டையும் தன்னோடு சுழற்றப் பார்க்கும். சுழலாமல் பிடித்து வைக்க ஒரு இரும்புப் பட்டை இருக்கிறது. பட்டையைத் தகட்டோடு ஒரு போல்ட்டும் நட்டும் இணைக்கும். நட்டு கழலாமலிருக்க அதன் குறுக்கே ஒரு சின்னக் கம்பி முள் செருகியிருக்கும். அந்த போல்ட் விழுந்துவிட்டால், மிதித்த கணத்தில் தகடு சுழன்று, கம்பியெல்லாம் முறுக்கிக்கொண்டு, சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ளும். வண்டி ஓட்டுபவரைத் தூக்கி அடிக்கும்.

இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். வீடியோவில் இரண்டு பேர் எச்சரித்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். பட்டையைப் பொருத்தி போல்ட்டைச் செருகிவிட்டேன். நட்டை எடுக்க டப்பாவுக்குக் கை நீட்டும்போது அம்மா சந்துக்கு வந்தார்.

"நாளைக்குத் திருவிடந்தை போறோம். மாலைக்குச் சொல்லியாச்சு. நீ தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு சீக்கிரமா கெளம்பு."

திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்கு எங்கள் பக்கத்தில் எதற்குப் போவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கல்யாணம் கூடி வராதவர்கள் இரண்டு மாலை வாங்கிப் போவார்கள். ஒரு மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்ற வேண்டும்.

"நின்னுபோன கல்யாணத்த ஊருக்கெல்லாம் காட்டிக்கினு நான் சுத்தணுமா?" என்றேன்.

"நின்னுபோச்சுன்னு யாருடி சொன்னது? தள்ளிப் போயிருக்கு."

அந்த 'தள்ளிப் போயிருக்கு' என் மண்டையில் ஏறியது. ஐந்து மாதமாக உள்ளே வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். ஸ்பேனரைத் தரையில் வீசிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். இறங்கி வந்தபோது முகம் கழுவியிருந்தேன், மனசு கழுவவில்லை. அப்பா சந்தில் காத்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதா?" என்றார். ஆசையாகக் கேட்டார். செயினைச் சரிபார்த்தேன், சக்கரத்தின் பெரிய நட்டுகளை முறுக்கினேன், "முடிஞ்சுதுப்பா" என்றேன். தெருவில் நான் இரண்டு சுற்றுப் போனேன், அவர் ஒரு சுற்றுப் போனார். பிரேக் நன்றாகவே பிடித்தது. நட்டு இல்லாவிட்டாலும் போல்ட் ஓட்டையிலேயேதானே இருந்தது.

மறுநாள் நான் வரவில்லை என்று சொன்னதும், "நீ வராட்டி போ, நாங்களே போய்ப் பெருமாள்கிட்ட சொல்லிட்டு வரோம்" என்றார் அம்மா. பஸ்ஸில் போகலாம் என்று அவர் சொன்னதை அப்பா கேட்கவில்லை. வண்டியின் முதல் பயணம் கோயிலுக்காக இருக்க வேண்டும் என்றார். ஹெல்மெட் போட்டு, மாலைப் பையை அம்மாவின் மடியில் வைத்து, உதைத்துக் கிளப்பி, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நான் சந்தைப் பெருக்க ஆரம்பித்தேன். வேலை முடிந்துவிட்டது, இனி என்ன செய்வது என்கிற பழைய பரபரப்பு அப்போதே தலை தூக்கிவிட்டது. காலி டப்பாக்களைக் கழுவலாம் என்று எடுத்தேன். 'பின் சக்கரம்' என்று எழுதியிருந்த டப்பாவுக்குள் ஏதோ உருண்டது.

ஒரு நட்டு. பக்கத்தில் பிரிக்காத பாக்கெட்டில் புதுக் கம்பி முள்.

என்ன நட்டு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இருந்தாலும் போனை எடுத்துப் பழைய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை என்று சொல்லிவிடாதா என்று பார்த்தேன். போட்டோவில் அந்த நட்டு பட்டையின் முனையில் உட்கார்ந்திருந்தது.

அப்பாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார். அம்மாவைக் கூப்பிட்டேன். சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில், சார்ஜ் போட்டபடி, அம்மாவின் போன் பாடியது.

நட்டையும் முள் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஓடி, பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் சாவியை வாங்கினேன். செருப்பு போட்டுக்கொண்டேனா என்று நினைவில்லை. திருவிடந்தைக்கு எங்கள் ஊரிலிருந்து இரண்டு வழி. திருப்போரூர் வழியாகவும் போகலாம், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் சுற்றிக் கடலோர ரோட்டிலும் போகலாம். அப்பா எதில் போனார்? கேட்கவே இல்லையே. பிறகு டேங்கில் நான் ஊற்றி வைத்தது ஒரு லிட்டர்தான் என்பது நினைவுக்கு வந்தது. எப்படியும் பெட்ரோல் போடத்தான் வேண்டும். வண்டி ஓடிய காலத்தில் அவர் எப்போதும் போட்டது திருக்கழுக்குன்றம் ரோட்டில் இருக்கும் பங்கில். அங்கே வரவில்லையென்றால் இன்னொரு ரோடு. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பங்கில் பெட்ரோல் போடுகிறவரிடம் மூச்சு வாங்கக் கேட்டேன். "பச்சை டேங்க் வண்டிதானே? பொண்ணு பூட்டுன வண்டின்னு சொல்லிகினு இருந்தாரு. போயி பத்து நிமிசம் இருக்கும்" என்றார்.

காற்றடிக்கும் இடத்தில் நின்றிருந்த ஒரு ஆட்டோக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். ட்யூபைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு? ஏன் இப்டி பதர்றே?"

"அப்பாவும் அம்மாவும் போயிட்டிருக்காங்க. வண்டியில ஏதோ பிராப்ளம். போன் எடுக்கமாட்டேங்கறாங்க. எப்படியாவது நிறுத்தணும்."

'ஏதோ பிராப்ளம்.' அப்படித்தான் சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால்கூட, அந்த நேரத்தில்கூட, நான் செய்த தப்பை நான்தான் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பெட்ரோல் போட வந்தபோது அவர்களை அவரும் பார்த்திருக்கிறார். உடனே போனை எடுத்தார். அவர் திருக்கழுக்குன்றம் ஆட்டோ ஸ்டாண்டுக்காரராம், அங்கே ஒரு நண்பரைக் கூப்பிட்டார். "டேய் மச்சான், எங்க கீறே? ஸ்டாண்டுலயா? கேளு. பச்சை டேங்க் பழைய வண்டி ஒண்ணு இந்தாண்டலேர்ந்து வந்துகினு கீது. ஒரு பெரியவரு, பின்னால ஒரு அம்மா, மடியில மாலை. ஊருக்குள்ள நுழையறதுக்குள்ள எதுர்ல போயி, ஆட்டோவ குறுக்க வுட்டு நிறுத்திடு."

குறுக்கே. ஆட்டோ குறுக்கே வந்தால் அப்பா என்ன செய்வார்? பலங்கொண்ட மட்டும் பிரேக்கை மிதிப்பார்.

"வேணாம், வேணாம்! குறுக்க போகாதீங்க!" என்று அவர் கையைப் பிடித்தே விட்டேன். "பின் பிரேக்குல ஒரு நட்டு போடல. நான்தான் வண்டிய பூட்டினேன், நான்தான் போட மறந்துட்டேன். அழுத்தி மிதிச்சா சக்கரம் லாக் ஆயிடும். ரெண்டு பேரும் விழுந்துடுவாங்க." உள்ளங்கையில் இறுக்கி வைத்திருந்த நட்டை அவரிடம் நீட்டினேன்.

அவர் நட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "மச்சான், குறுக்க போவாதே. கேட்டுச்சா? குறுக்கவே போவாதே. பக்கத்துல போ. ஆக்சிலேட்டர வுடச் சொல்லு. கால் பிரேக்கத் தொடக் கூடாது. முன் பிரேக்க லேசாப் புடிச்சு ஓரங்கட்டச் சொல்லு." பிறகு என்னிடம், "ஸ்கூட்டர இங்கியே வுடு. உன் கை ஆட்ற ஆட்டத்துக்கு நீ ஓட்டக் கூடாது. ஏறு" என்றார்.

ஆட்டோவில் போனை ஸ்பீக்கரில் போட்டு என் கையில் கொடுத்தார். எதிர்முனையில் இன்னொரு ஆட்டோவின் இரைச்சல். சனிக்கிழமை, திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் இருக்கும். ஊர் எல்லையில் வேகத்தடை வேறு. அதற்கு முன்னால் பிடித்தாக வேண்டும். கடைகளும் மரங்களும் பின்னால் ஓடின. ஒவ்வொரு வளைவிலும், இதோ ரோட்டில் கூட்டம் கூடியிருக்கும், நடுவில் பச்சை டேங்க் கிடக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொரு வளைவும் காலியாக இருந்தது. அடுத்த வளைவு மிச்சமிருந்தது.

"அண்ணாத்த, பாத்துட்டேன்! எதுர்ல தாண்டிப் போறாங்க. திருப்பிகினு வரேன்."

பிறகு வெறும் காற்றுச் சத்தம். பிறகு அவர் கத்துவது கேட்டது. "பெரியவரே! வண்டிய ஸ்லோ பண்ணு! பின்னால நட்டு இல்ல! பிரேக்க மிதிக்காதே!"

கொஞ்ச நேரம் கழித்து: "அண்ணாத்த, பெருசு கேக்கமாட்டேங்குது. மொறைச்சுட்டு வேகமாப் போவுது."

எனக்குப் புரிந்தது. ரோட்டில் யாராவது வண்டியில் புகை வருகிறது, டயரில் காற்றில்லை என்று சொன்னால் நிற்காதே, நிறுத்திப் பையைப் பிடுங்குவார்கள் என்று எனக்கே ஆயிரம் முறை சொல்லிக் கொடுத்தவர் அப்பா.

ஆட்டோக்காரர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "உங்கப்பா நம்புற மாதிரி எதுனா சொல்லு. வூட்டு ஆளுக்குத்தான் தெரியும்ன்ற மாதிரி. சீக்கிரம்."

என் மூளை வெறுமையாக இருந்தது. அதில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. "அம்மா போன் மிக்ஸி பக்கத்துல சார்ஜ்ல இருக்கு! அம்மாகிட்ட சொல்லுங்க, அப்பாகிட்ட வேணாம்!"

"எம்மா! யம்மா! உன் போனு வூட்ல மிக்ஸியாண்ட சார்ஜ்ல கீதாம்! உம் பொண்ணு சொல்லுது! உம் பொண்ணு லைன்ல கீது!"

அம்மா அப்போதுதான் பைக்குள் கையை விட்டுத் தேடியிருக்கிறார். அப்பாவின் முதுகில் ஓங்கி அடித்ததாகப் பிறகு சொன்னார். போனில் எங்களுக்குக் கேட்டதெல்லாம் அந்த நண்பரின் குரல்தான். இப்போது கத்தவில்லை, குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவ்ளோதான். ஆக்சிலேட்டர வுட்டுடு. காலத் தூக்கிக்கோ. கைப் பிரேக்கு லேசா. லேசா. ஒண்ணும் அவசரமில்ல. ஓரமா வா. வா வா வா." பிறகு எதுவும் இல்லை. பிறகு, மிகத் தூரத்திலிருந்து வருவது போல, "நின்னுட்டாங்க அண்ணாத்த."

நான் ஆட்டோவின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. பல் கிட்டிப் போயிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு ஏரிக்கரை ஓரமாக வண்டி நின்றிருந்தது. அப்பா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கரையில் உட்கார்ந்திருந்தார். அம்மா மாலைப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த நண்பர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார். போல்ட் ஓட்டையிலிருந்து முக்கால்வாசி வெளியே வந்து, நுனி மட்டும் தொற்றிக்கொண்டிருந்தது. அவர் விரலால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

அப்பா என்னைப் பார்த்தார். "என்னம்மா இது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என்னைக் கூட்டி வந்த ஆட்டோக்காரர் முந்திக்கொண்டார். "பழைய வண்டி இல்லீங்களா. ஓட்ற ஓட்டத்துல நட்டு தானா கழண்டு வுழுந்திருக்கும். பொண்ணு இன்னா பண்ணும்?"

எனக்காகச் சொன்ன பொய். நல்ல மனதோடு சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும், எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அப்பா தெருவில் என்னைப் பற்றிச் சொன்ன பெருமையும் அப்படியே இருக்கும். அந்தப் பொய் என் வாய்வரை வந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் பங்கில் 'ஏதோ பிராப்ளம்' என்று நான் சொன்ன அரை வார்த்தையால் ஒரு ஆட்டோ குறுக்கே போகவிருந்தது. அது நடந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

"கழண்டு விழல அப்பா," என்றேன். "நான் போடவே இல்ல. நேத்து சண்டையில எழுந்து போனேன். திரும்பி வந்து பாக்கல. நீங்க முடிஞ்சுதான்னு கேட்டப்போ முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்."

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பயமா இருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

அந்த நண்பர் தன் ஆட்டோவிலிருந்து ஸ்பேனர் எடுத்துத் தானே மாட்டப் போனார். அம்மா அவரைத் தடுத்தார். "அவளே மாட்டட்டும்பா." நான் குனிந்து, போல்ட்டைச் செருகி, நட்டை முறுக்கி, கம்பி முள்ளைச் செருகி மடக்கினேன். இரண்டு நிமிட வேலை. பிறகு வண்டி முழுக்க ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்து, சத்தமாகப் பெயர் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானேதான் செய்தேன்.

"மாலையோட எங்கம்மா கெளம்புனீங்க?" என்று அந்த நண்பர் பேச்சை மாற்றக் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். "இவ கல்யாணம் நின்னுபோச்சுப்பா. அதுக்குத்தான் திருவிடந்தைக்கு" என்றார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அம்மா அதை அப்படியே சொன்னார். அந்த நண்பர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்டியா? நின்னா இன்னாம்மா, வேற வரும்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் துடைத்து உள்ளே வைத்தார். இவ்வளவு நாள் மூடி மூடி வைத்திருந்த விஷயம் அவ்வளவுதானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. மாலை வாட வேண்டாமென்று அம்மா இரண்டு ஆட்டோவிலும் ஆளுக்கொன்றாகச் சாமி படத்துக்குப் போடச் சொன்னார். அப்பா வண்டியில் ஏறமாட்டேன் என்றுவிட்டார். அம்மாவும் அவரும் ஆட்டோவில் வர, பின்னால் நான் மட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன்; பங்கில் விட்ட ஸ்கூட்டரைப் பிறகு போய் எடுத்து வந்தேன். வழி நெடுக ஆட்டோவின் பின் கண்ணாடி வழியாக அப்பாவின் தலை தெரிந்தது. ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த இரண்டு பேரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து நான் ஸ்டாண்டுக்குப் போனபோது இருவரும் சவாரியில் இருந்தார்கள். அவர்களிடம் என் நன்றியைச் சொல்லும்படி அங்கிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். சொன்னார்களா, தெரியாது.

அதற்குப் பிறகு அப்பா தெருவில் வண்டியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒன்றரை மாதம் அதைத் தொடவில்லை. ஆடியில் ஒரு காலை, பால் வாங்கக் கிளம்பியவர் கடைசி நிமிடத்தில் திரும்பி வந்து சாவியை எடுத்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். அவர் வண்டியைக் கிளப்பவில்லை. மெல்லக் குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, பின் சக்கரத்தில் அந்த நட்டைப் பார்த்தார். விரலால் தொட்டார். அப்புறம்தான் ஏறினார்.

மூன்று வருடமாக ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நான் மறுபடியும் வேலைக்குப் போகிறேன். அந்த வண்டியை இப்போது கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவேன். இருந்தாலும் அவர் குனிந்து பார்க்கத்தான் செய்கிறார். அந்த அரை நிமிடம் எனக்கு நிலைகொள்ளாது, உள்ளே போய்விடலாம் என்றிருக்கும். போகமாட்டேன். அவர் நிமிர்ந்து தலையாட்டும் வரை நிற்பேன். ஒரு தப்பை முழுசாகச் சொல்லிவிட்ட பிறகும், போன நம்பிக்கை திரும்பி வர அதன் நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதையும், அது வரும் வரை அங்கேயே நிற்பது என் வேலை என்பதையும் நான் அந்த அரை நிமிடத்தில்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.